நாய்க்கு நாலு பேரைத் தெரியணும்

மாமனாருக்கு அறுபதாம் கல்யாணம். திண்டிவனம்-மரக்காணம் ரோட்டில் இருக்கும் பிரம்மதேசத்தில், வீட்டு வாசலிலேயே பந்தல். தமிழ்நாட்டில் இந்தப் பெயரில் பல ஊர்கள் உண்டு. (என் சித்தப்பா கோஷ்டி செய்யாறு பக்கத்து பிரம்மதேசத்துக்குப் போய் இறங்கி, அங்கே வேறொரு கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டு வந்தது தனிக் கதை.)

தாலி கட்டும் நேரத்தில் பார்த்தால் குழந்தைகளைக் காணோம். மொத்தம் ஒன்பது உருப்படி. தேடிக்கொண்டு போனால், மாட்டுக் கொட்டகை மூலையில் ஒன்பதும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. எதிரே சீசர். மாமனாருக்கு நான் வாங்கிக் கொடுத்த அல்சேஷன். ஒரு பயல் நைஸாக நழுவப் பார்த்தான். சீசர் அரை வட்டம் அடித்துப் போய்க் குதிகாலில் லேசாக ஒரு கவ்வு. பயல் மறுபடி மூலைக்கே ஆஜர்!

பந்தலே சிரித்தது. "இவனை பி.டி. மாஸ்டரா போட்டுடலாம்" என்று நானும் ஜோக்கடித்தேன்.

அந்தச் சிரிப்புக்கு பில் பத்து நாள் கழித்து வந்தது.

உப்பளத்தில் வேலை செய்யும் அப்பாவுக்குத் தூக்கில் கஞ்சி எடுத்துக்கொண்டு, பக்கத்துத் தெருப் பையன் சைக்கிளில் போயிருக்கிறான். எட்டாவது படிக்கிறவன். கேட்டை யாரோ சரியாகச் சாத்தவில்லை. இந்த முறை லேசான கவ்வு இல்லை. கெண்டைக்காலில் நாலு பல் ஆழமாக.

மச்சான் போனில் சொன்னபோது அவன் குரல் நடுங்கியது. "மாமா, பதினஞ்சு நிமிஷம் சோப்பு போட்டுக் கழுவி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போனோம். புள்ள அழல மாமா. கஞ்சி கொட்டிடுச்சேன்னுதான் சொல்லிக்கினே இருந்தான்."

சீசருக்கு வெறிநாய்த் தடுப்பூசி போட்டிருந்தது. இருந்தாலும் பையனுக்குச் சீரம், அப்புறம் அன்றைக்கு ஒன்று, 3-ம் நாள், 7-ம் நாள், 28-ம் நாள் என்று ஊசி. 28-ம் நாள் நானே கூடப் போனேன். அவன் அப்பா என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். திட்டவில்லை.

சீசர் கெட்ட நாய் இல்லை சார். வளர்ப்புக்கு ரூல்ஸ் போட்டது நான்.

இரண்டு மாசக் குட்டியாக வந்தான். விலை பதினைந்தாயிரம். விலையைப் பார்த்ததும் எனக்குள் இருந்த பி.காம். விழித்துக்கொண்டான். ஒன்று: சொத்து மொட்டைமாடி ரூமை விட்டு இறங்கக் கூடாது. இரண்டு: மாமனாரும் மச்சானும் தவிர யாரும் தொடக் கூடாது. மூன்று: வெளியாள் கையால் ஒரு பருக்கை கூடாது. ஏனென்றால், எல்லாரிடமும் பழகினால் நாய் காவல் காக்காது! இதை எனக்கு யார் சொன்னார்கள் என்று ஞாபகமில்லை. நாய் வளர்க்கிற எல்லாருக்கும் இதை யாரோ ஒருத்தர் சொல்லியிருப்பார்.

நாலு மாசம் சீசர் மாடியிலேயே இருந்தான். சைக்கிளை அவன் பார்த்ததெல்லாம் கைப்பிடிச் சுவர் ஓட்டை வழியாக.

கடிக்கு அப்புறம்தான் படித்தேன். பரீட்சைக்குக்கூட அப்படிப் படித்ததில்லை. 1961-ல் அமெரிக்காவில் ஃப்ரீட்மன், கிங், எலியட் என்று மூன்று பேர் ஒரு சோதனை செய்தார்கள். உயரமான வேலி போட்ட வயலில் குட்டிகளை மனித வாடையே படாமல் வளர்த்தார்கள். சிலவற்றை மட்டும் வெவ்வேறு வயசில் ஒரு வாரம் வெளியே எடுத்து ஆட்களோடு பழகவிட்டார்கள். அந்தக் குட்டிகள் பெரும்பாலும் தேறின. 14 வாரம் வரை யாரையும் பார்க்காத குட்டிகள் காட்டு மிருகம் மாதிரி ஆகிவிட்டன. அதற்குப் பிறகு எவ்வளவு கொஞ்சியும் சரிவரவில்லை.

சுமாராக 3-வது வாரத்திலிருந்து 12, 14 வாரம் வரை. அதற்குள் பார்த்ததெல்லாம் நாய்க்கு 'நம்ம உலகம்'. பார்க்காததெல்லாம் சந்தேகக் கேஸ். கணக்கு பாஷையில் சொன்னால், 14 வாரத்துக்குள் போடுவது ஃபிக்சட் டெபாசிட். அப்புறம் போடுவது கரண்ட் அக்கவுண்ட். போட்டுக்கொண்டே இருக்கலாம், வட்டி வராது.

"உங்க அம்மாவும் உங்களை 14 வாரத்துக்குள்ள நாலு பேர்கிட்ட விட்டிருக்கலாம்" என்றாள் மனைவி. அவள் பக்கத்து விசேஷங்களுக்கு நான் போவது கொஞ்சம் குறைவு... ஹி... ஹி...

சீசர் விஷயத்தில் ஜாதி சமாசாரமும் சேர்ந்துகொண்டது. அல்சேஷன் போலீஸுக்கென்று பிறந்ததாக நாம் நினைக்கிறோம். அடிப்படையில் அது ஆடு மேய்க்கிற நாய். 1899-ல் ஸ்டெஃபானிட்ஸ் என்ற ஜெர்மன் குதிரைப்படை கேப்டன், மேய்ப்பர்களின் நாய்களிலிருந்து இந்த ஜாதியை உருவாக்கினார். முதல் உலக யுத்தத்தில் இங்கிலாந்துக்கு 'ஜெர்மன்' என்ற வார்த்தையே கசக்க, பெயரை அல்சேஷன் என்று மாற்றினார்கள். 1977-ல் அவர்களே பழைய பெயருக்குத் திரும்பிவிட்டார்கள். நாம் இன்னும் விடவில்லை.

அந்த ஊர் வயல்களுக்கு வேலி கிடையாது. நாய்தான் வேலி. பயிருக்கும் மந்தைக்கும் நடுவில் நாளெல்லாம் நடந்துகொண்டே இருக்கும். ஓர் ஆடு கோட்டைத் தாண்டினால் மடக்கி உள்ளே தள்ளும். ஓநாயின் வேட்டையில் பார்ப்பது, பதுங்குவது, துரத்துவது, கடிப்பது, கொல்வது என்று ஐந்து அயிட்டம். மேய்ச்சல் நாயில் முன்பாதியை வைத்துக்கொண்டு பின்பாதியை மட்டுப்படுத்தியிருக்கிறார்கள். ஆகவே ஓடும் குழந்தை, சைக்கிள், டி.வி.எஸ். ஐம்பது எல்லாம் அதன் கண்ணுக்கு மந்தையை விட்டு ஓடும் ஆடுதான். பழகின நாய் மடக்குவதோடு நிறுத்தும். பயந்த நாய்க்கு நிறுத்தத் தெரியாது.

எங்கள் தெருவில் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் உண்டு. அவருடைய நாட்டு நாய் பட்டியிலேயே பிறந்து, ஆட்டுக்குட்டிகளோடு உருண்டு வளர்ந்தது. குழந்தைகள் அதன் வாலைப் பிடித்து இழுக்கும். ஆனால் ராத்திரி புது ஆள் வந்தால் தெருவையே எழுப்பிவிடும். என் ரூல்ஸ்படி அது காவலே காக்கக் கூடாதே! அவரிடமே கேட்டேன்.

"இன்னா மாப்ள இப்படிக் கேக்குறீங்க? நாலு பேரைப் பார்த்தாத்தானே அதுக்கு அஞ்சாவது ஆளு யாருன்னு தெரியும்!"

பதினைந்தாயிரம் கொடுப்பதற்கு முன்னால் இவரிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டிருக்கலாம்.

அந்த நாயின் குட்டி ஒன்றை ஏழாவது வாரத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். பெயர் மணி. திண்டிவனத்தில் முதல் தடுப்பூசி போட்ட டாக்டர், "ஊசியெல்லாம் முடியற வரைக்கும் தெருவில் இறக்காதீங்க" என்றார். "அதுக்குள்ள 14 வாரம் ஓடிடுமே டாக்டர்?" என்றேன். சிரித்தார். "இறக்காதீங்கன்னுதான் சொன்னேன். காட்டாதீங்கன்னு சொல்லலை!"

அமெரிக்காவில் விலங்கு நடத்தை மருத்துவர்களின் சங்கம் ஒன்று 2008-ல் இதையே சொல்லியிருக்கிறது: முதல் ஊசி போட்டு ஒரு வாரம் ஆனால் போதும், சுத்தமான இடத்தில் குட்டியைப் பழக்க ஆரம்பிக்கலாம். மூன்று வயசுக்குட்பட்ட நாய்களின் சாவுக்கு முதல் காரணம் தொற்றுநோய் அல்ல, நடத்தைக் கோளாறுதானாம்.

மச்சான் மணியைத் துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டான். பஸ் ஸ்டாப், டீக்கடை, ரைஸ் மில் சத்தம், மழைக்கோட்டுப் போட்ட ஆள், தாடிக்காரர், தலையில் கூடையோடு வரும் பெண்கள், பள்ளிக்கூடம் விடும் நேரம். பயந்தால் நாலடி பின்னால் போகணும், தைரியமாகப் பார்த்தால் ஒரு துண்டு கருவாடு. கட்டாயப்படுத்துவது கிடையாது.

காட்ட வேண்டிய ஆட்கள் பட்டியலில் கடைசியாக அந்தப் பையன். கேட்க எங்கள் யாருக்கும் வாய் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனே வந்தான். திண்ணையில் உட்கார்ந்து, ஒரு கையால் மணியைத் தடவிக் கொடுத்தான். இன்னொரு கை, கெண்டைக்காலை மூடிக்கொண்டே இருந்தது.

சீசரை என்ன செய்தோம் என்கிறீர்களா? தோட்டத்தில் உயரமாகக் கம்பி வேலி. வெளியே போனால் வாய்க்கு மூடி. மச்சான் தினமும் தூரத்திலிருந்து சைக்கிளைக் காட்டிப் பழக்குகிறான். ஆறு மாசத்தில், நூறடி தள்ளிப் போகும் சைக்கிளைப் பார்த்துக் குரைப்பதில்லை. முன்னேற்றம் அவ்வளவுதான்.

போன வாரம் போயிருந்தேன். வேலியை ஒட்டி, புல் முளைக்காமல் ஓர் ஒற்றையடிப் பாதை. சீசர் நடந்து நடந்து தேய்த்தது. இந்த முனையிலிருந்து அந்த முனை, அந்த முனையிலிருந்து இந்த முனை. ஜெர்மனியில் வயல் ஓரத்தில் அவன் பாட்டன்மார் நடந்த அதே நடை.

உள்ளே ஆடுதான் இல்லை.