கப்ஜா வேணுமா சார்?

நாக்பூரில் ஒரு ஹார்டுவேர் கடைக்காரர் இந்தக் கேள்வியைக் கேட்டப்போ எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் பாங்கில் கடன் வசூல் பிரிவில் மூணு வருஷம் குப்பை கொட்டினவன். எங்க அகராதியில் கப்ஜான்னா 2002-ம் வருஷத்து சர்ஃபேசி சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து, கட்டாதவர் சொத்தைச் சுவாதீனம் எடுக்கிறது. இந்த மனுஷன் யார் வீட்டை எனக்குக் கப்ஜா பண்ணித் தரப்போறார்னு ஒரு நிமிஷம் முழிச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, இந்தியில் கதவுக் கீலுக்கும் அதே பேர்தானாம். :-)

சிரிச்சுக்கிட்டே அஞ்சு இஞ்ச் கீல் மூணு வாங்கிட்டு வந்தேன். மொத்தம் 240 ரூபாய். அந்த 240 ரூபாயைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்து, டிரான்ஸ்ஃபர் மேல டிரான்ஸ்ஃபர் வாங்கி, கடைசியில் நாக்பூரில் ஒரு சின்ன தனி வீடு வாங்கினோம். முன்னாடி நாலு செடி வைக்க இடம் உண்டு. அந்தத் தோட்டத்துக்கு இரும்பு கேட் வேண்டாம், மர கேட்தான் வேணும்னு எனக்கு ஆசை. இந்தப் பக்கம் தேக்குக்குப் பஞ்சமில்லை, சந்திரபூர், பல்லார்ஷா காட்டுத் தேக்கு பேர்போனது. நாலடி அகலம், அஞ்சடி உயரம், ஒண்ணரை இஞ்ச் கனம். மரமும் கூலியும் 26,000 ரூபாய். மரத்துக்கு நான் பேரமே பேசலை. கீல், போல்ட்டுக்கு மட்டும் தனியா 3,000 ரூபாய்னு மிஸ்திரி சொன்னதும் எனக்குள்ளே தூங்கிட்டிருந்த ஆபீசர் முழிச்சுக்கிட்டார். "கீலுக்கு மூவாயிரமா? நானே வாங்கித் தரேன் பையா" அப்படின்னு கிளம்பினவன்தான் மேலே சொன்ன கடையில் போய் நின்னேன்.

கொண்டுவந்த கீலைப் பார்த்துட்டு மிஸ்திரி ஒரு தடவை சொன்னார், "சாப், இது உள் கதவுக்குப் போடுறது." நான் காதில் வாங்கலை. அவரும் நமக்கென்னன்னு செங்கல் தூணைத் துளைச்சு, மர ஆப்பு அடிச்சு, அதில் ஸ்க்ரூவை வச்சு முக்கால்வாசி சுத்தியலால் அடிச்சு இறக்கி, கடைசி ரெண்டு சுத்து மட்டும் ஸ்க்ரூ டிரைவரால் திருகினார். (நம்ம நாட்டில் ஸ்க்ரூங்கிறது மரை போட்ட ஆணி, அவ்வளவுதான்!)

முதல் மழைக்கு கேட் ஊறிக் கனத்து, தாழ்ப்பாள் பக்கம் தரையை உரச ஆரம்பிச்சுது. நான் என்ன பண்ணினேன்? அடியில் அரை இஞ்ச் இழைக்கச் சொன்னேன். மே மாச வெயில் 45 டிகிரியில் மரம் காஞ்சு சுருங்கி, மர ஆப்பும் சுருங்கி, மேல் கீல் லேசா ஆட ஆரம்பிச்சுது. "ஏங்க, அதைக் கொஞ்சம் பாருங்க"ன்னு தங்கமணி நாலு தடவை சொல்லியாச்சு. ஞாயித்துக்கிழமை பார்க்கலாம்னு நானும் நாலு தடவை சொல்லியாச்சு.

ஞாயிறுக்கு முன்னாடி வெள்ளிக்கிழமை வந்துடுச்சு. எங்க வீட்டு வேலைக்கு வர்ற அம்மாவோட எட்டு வயசுப் பொண்ணு, அம்மா வேலை முடிக்கிற வரைக்கும் கேட்டில் ஏறி ஊஞ்சல் ஆடிட்டிருந்தா. மேல் கீல் ஆப்போடு பிடுங்கிக்கிட்டு கேட் சாய்ஞ்சுது. நல்லவேளை, குழந்தை பக்கவாட்டில் குதிச்சுட்டா. காலில் மட்டும் அடி, மூணு தையல். ஆஸ்பத்திரியில் நான் பணம் கட்டிட்டு நிக்கிறப்போ அந்த அம்மா என்கிட்ட கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னாங்க: "மன்னிச்சுடுங்க சாப், இவதான் ஆடக்கூடாத இடத்தில் ஆடிட்டா."

அந்த மன்னிப்பு என்னைத் தூங்க விடலை. ராத்திரி பேப்பர் எடுத்துக் கணக்குப் போட்டேன். பி.காம். படிச்சவன் போடுற கணக்குதான், பயப்படாதீங்க.

அந்த அளவு தேக்கு கேட் ஏறத்தாழ 50 கிலோ. எடை அகலத்தின் நடுவில், அதாவது கீலிலிருந்து ரெண்டடி தள்ளி நிக்குது. மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் நாலடி இடைவெளி. 50-ஐ ரெண்டால் பெருக்கி நாலால் வகுத்தா 25. அதாவது சும்மா நிக்கும்போதே மேல் கீலைத் தூணிலிருந்து 25 கிலோ வெளியே இழுக்குது, கீழ்க் கீலைத் தூணுக்குள்ளே அழுத்துது. இப்போ 25 கிலோ குழந்தை ஒண்ணு தாழ்ப்பாள் ஓரத்தில், கீலிலிருந்து நாலடி தள்ளித் தொங்கினா? 25-ஐ நாலால் பெருக்கி நாலால் வகுத்தா இன்னொரு 25. ஒரு சின்னக் குழந்தை ஓரத்தில் ஏறினா, இன்னொரு முழு கேட்டை மாட்டின மாதிரி!

கேட்டுன்னு ஒண்ணு இருந்தா குழந்தை ஏறத்தான் ஏறும். நாம எல்லாரும் ஏறினவங்கதானே? அதனால அது குழந்தையோட தப்பு இல்லை. மிஸ்திரி இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம், ஆனா அவர் கேட்ட 3,000-ஐ வெட்டினவன் நான். என் கட்சி இதுதான்: கனமான கேட் போடுறவங்க பணத்தை முதலில் தூணுக்கு ஒதுக்கணும், அடுத்து கீலுக்கும் போல்ட்டுக்கும், மிச்சத்தில்தான் மரம். அதில் தேக்கு கட்டுப்படி ஆகலைன்னா சின்ன கேட் போடுங்க.

ரெண்டாவது தடவை ஒழுங்கா செஞ்சது இது:

தூண்: செங்கல் தூணின் அந்தப் பக்கத்தை இடிச்சு, உள்ளே கம்பி கட்டி கான்கிரீட் போட்டு, கீலுக்கான இரும்புப் பட்டையை அதிலேயே புதைச்சோம். நல்லா இறுகின பிறகுதான் கேட்டை மாட்டினோம்.

கீல்: கேட்டின் குறுக்குச் சட்டத்தில் ஒன்றரை அடி நீளத்துக்கு ஓடுற நீளப் பட்டைக் கீல் ரெண்டு, துத்தநாகம் பூசினது. எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே வைக்க முடியுமோ அவ்வளவு. இடைவெளி பாதியானா இழுப்பு ரெண்டு மடங்கு.

போல்ட்: சட்டத்தை ஊடுருவிப் போற போல்ட், பின்னாடி வாஷர், நட். ஸ்க்ரூ போட்ட இடத்தில் முதலில் சின்னத் துளை, அப்புறம் திருகல். சுத்தியலுக்கு அன்னிக்கு லீவு.

சாய்வுச் சட்டம்: கீல் பக்கம் கீழே ஆரம்பிச்சு தாழ்ப்பாள் பக்கம் மேலே போகணும். முதல் தடவை அழகுக்காகத் திருப்பிப் போட்டிருந்தோம். அது எடையைத் தாங்காம, தானும் சேர்ந்து தொங்கிட்டிருந்தது.

இடைவெளி: அடியில் ரெண்டு இஞ்ச், தாழ்ப்பாள் பக்கம் அரை இஞ்ச். மழைக்கு மரம் உப்ப இடம் வேணுமே.

தூண் வேலையோடு சேர்த்து 9,000 ரூபாய் ஆச்சு. அன்னிக்கு 3,000 கொடுத்துட்டு மிஸ்திரி சொன்னதையும் கேட்டிருந்தா பெரும்பாலும் தப்பிச்சிருக்கலாம்.

தீபாவளிக்கு வந்த அம்மாகிட்ட கதையைச் சொன்னேன். அவங்களுக்கு முட்டியில் கீல்வாதம், கீலோட அருமை தெரிஞ்சவங்க. "நம்ம பழைய வீட்டு வாசக்கதவுக்கு ஏதுடா கீலு? குடுமிதானே" அப்படின்னாங்க. உண்மைதான். கதவோட குடுமி கீழே குழியில் உட்கார்ந்து சுத்தும். அவ்வளவு பெரிய கதவோட கனம் முழுக்கத் தரைக்குப் போயிடும், சுவரில் தொங்காது. இரும்பு கேட் செய்யறவங்க இன்னிக்கு அடியில் பேரிங் வைக்கிறதும் அதே கணக்குதான். என் கேட் இன்னும் கொஞ்சம் அகலமா இருந்திருந்தா நானும் அதைத்தான் வச்சிருப்பேன்.

வெளியூரில் இருக்கிற நமக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. ஊர் வீட்டு வாசல் மாதிரி வேணும்னு போட்டோவைக் காட்டுவோம். போட்டோவில் மரம் தெரியும், தூணுக்குள்ளே இருக்கிற கம்பி தெரியாது. பாஷை அரைகுறை, அதனால மிஸ்திரி ஒரு தடவை சொல்லி விட்டுடுவார், நாமும் தலையாட்டிட்டுக் காசைக் குறைச்சுடுவோம். இனிமே மிஸ்திரி கீலுக்குன்னு ஒரு தொகை கேட்டா, ஏன்னு ரெண்டாவது தடவை கேளுங்க. உடைஞ்ச இந்தியில் கேட்டாலும் பரவாயில்லை.

அந்தப் பொண்ணு இப்பவும் அம்மாவோட வர்றா. கேட் பக்கமே போறதில்லை, சுவரை ஒட்டி நடக்கிறா. கேட்டை ஆட்டிக் காட்டி, "இப்போ ஒண்ணும் ஆகாது, ஏறு"ன்னு சொன்னேன். சிரிச்சுட்டுத் தலையாட்டினா. இன்னும் ஏறலை.

டிஸ்கி: உங்க வீட்டுக் கேட் திறக்கும்போது தாழ்ப்பாள் பக்கம் கையால தூக்கித் திறக்கறீங்களா? ஞாயித்துக்கிழமை வரைக்கும் காத்திருக்காதீங்க.