"எல்லாம் ஒரிஜினல்" என்று எழுதுவதற்கு முன்



கொஞ்ச நாளாக நமது ஊர்த் தம்பிமார் போடும் படங்களுக்குக் கீழே ஒரு சொல் அடிக்கடி வருகிறது: "ஃபுல் ஒரிஜினல்". முப்பது நாற்பது வருடப் பழைய ஜப்பான் கார் ஒன்றை எங்கேயோ தேடிப் பிடித்து, கராஜில் போட்டு, மாதக்கணக்கில் பாடுபட்டு, பளபளவென்று பெயின்ட் அடித்து, கடைசியில் இந்தச் சொல்லையும் விலையையும் சேர்த்துப் போடுகிறார்கள். அந்த உழைப்பு சும்மா உழைப்பு இல்லை. கையில் தொழிலும் மனதில் பொறுமையும் இல்லாதவனால் அதைச் செய்ய முடியாது. ஆனால் அந்தச் சொல்லைப் பற்றி எனக்கு ஒரு கருத்து இருக்கிறது. சிலருக்குக் கசக்கலாம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருடத்தில் பழைய கார் என்பது காணி மாதிரி ஒரு சொத்தாகிவிட்டது. வெளிநாட்டில் உழைத்த காசை, சீட்டுப் பிடித்த காசை, பெண் பிள்ளையின் கல்யாணத்துக்கென்று வைத்த காசைக் கூட இதில் போட்டவர்கள் இருக்கிறார்கள். ஆகவே "ஒரிஜினல்" என்பது இப்போது வெறும் பெருமைச் சொல் இல்லை, விலையைத் தீர்மானிக்கும் சொல். அதை எழுதுகிறவர் எதை வைத்து எழுதுகிறார்?

விளங்குவதற்காக உலகமே அக்குவேறு ஆணிவேறாக ஆராய்ந்து வைத்திருக்கும் ஒரு காரை எடுத்துக்கொள்கிறேன். டட்சன் 240 இசட். நமது வீதிகளில் டட்சன் 1200ஐயும் சன்னியையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது அந்தக் குடும்பத்துப் பணக்காரத் தம்பி. நிசான் கம்பனி 1969 ஒக்டோபரில் இதை அறிமுகப்படுத்தியது. ஜப்பானில் ஃபெயார்லேடி இசட் என்று பெயர், அமெரிக்காவில் டட்சன் 240 இசட். அங்கே ஆரம்ப விலை 3,526 டொலர். ஆறு சிலிண்டர், 2393 சீசீ. ஐரோப்பாவின் விலை கூடிய ஸ்போர்ட்ஸ் கார்களுக்குப் பக்கத்தில் வெட்கப்படாமல் நிறுத்தக்கூடிய ஒன்றைப் பாதி விலைக்குக் கொடுத்தார்கள் என்று சொன்னால் அதில் மிகை இல்லை. 1978 வரை இந்த உருவத்தில் ஐந்து இலட்சத்துக்கும் மேல் உற்பத்தியானது.

இந்தக் காரில் எது ஒரிஜினல் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

முதலில் எண்கள். எஞ்சின் அறைக்குள் ஒரு தகடு இருக்கிறது. அதில் செசி நம்பரும் எஞ்சின் நம்பரும் இரண்டுமே அடித்திருக்கும். செசி நம்பர் எஞ்சினுக்குப் பின்னாலுள்ள தடுப்புச் சுவரிலும் நேரடியாகக் குத்தப்பட்டிருக்கும். எஞ்சின் நம்பர் பிளாக்கின் வலப்பக்கம், பின்கோடியில், ஆறாவது பிளக்குக்குக் கீழே இருக்கும். தகடும் பிளாக்கும் ஒரே எண்ணைச் சொன்னால் அந்தக் கார் பிறந்தபோது வந்த எஞ்சின் இன்னும் அதற்குள் இருக்கிறது என்று அர்த்தம். நிறையக் கார்களில் சொல்லாது. காரணம், பின்னால் வந்த 2.8 லீட்டர் எஞ்சினும் அதே குடும்பம்தான். வெளித்தோற்றம் கிட்டத்தட்ட ஒன்று, அதே இடத்தில் சிரமமில்லாமல் உட்காரும், பவரும் கூட. ஓட்டுவதற்கென்று மாற்றியவர்கள் ஏராளம். அது குற்றமும் இல்லை. எஞ்சின் நம்பருக்கு முன்னால் எல்24 இருக்கிறதா எல்28 இருக்கிறதா என்று குனிந்து பார்த்தால் முடிந்தது.

அடுத்தது, பாகங்கள் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்கின்றனவா என்று பார்ப்பது. ஆரம்பகாலக் கார்களில் பின்கதவிலேயே காற்றுத் துவாரங்கள் இருந்தன, பின் ஜன்னலுக்குப் பக்கத்துத் தூணில் 240 இசட் என்று எழுத்து இருந்தது. 1971 தொடக்கத்தில் இதை மாற்றினார்கள். பின்கதவுத் துவாரம் போய், தூணில் வட்டமான இசட் சின்னத்தோடு துவாரம் வந்தது. இப்போது துவாரமுள்ள பின்கதவும் வட்டச் சின்னமும் ஒரே காரில் இருந்தால், இரண்டு காரின் துண்டுகள் ஒன்றாகி இருக்கின்றன என்று சந்தேகிக்கலாம். சீட் பெல்ட்டில் தைத்திருக்கும் சிறிய துணி லேபிளில் உள்ள திகதியைக் கூட விடமாட்டார்கள்.

நிசானின் பார்ட் நம்பர் முறையும் படிக்கத் தெரிந்தால் ஒரு கதைப் புத்தகம். ஐந்து இலக்கம், ஒரு கோடு, பிறகு இன்னும் ஐந்து. முன் ஐந்தும் அது என்ன பாகம் என்று சொல்லும். பின் ஐந்தும் எந்தக் காருக்காக முதலில் செய்தது, எத்தனையாவது திருத்தம் என்று சொல்லும். 240 இசட்டுக்கென்றே செய்த பாகங்களில் ஈ41 என்று தொடங்கும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, கவனியுங்கள். பழைய நம்பரைக் கொடுத்து வாங்கினாலும், கம்பனியே அதை நிறுத்திவிட்டுப் புது நம்பரில் திருத்திய பாகத்தைத் தரும். பெட்டி நிசான் பெட்டிதான், பாகமும் நிசான் பாகம்தான். ஆனால் 1970இல் அந்தக் காரில் பூட்டியது அதுவல்ல. "கம்பனிப் பாகம்" வேறு, "காரோடு வந்த பாகம்" வேறு. பஞ்சிகாவத்தையில் சாமான் வாங்குகிற நமது தம்பிமார் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். பொய் சொல்ல வேண்டுமென்று சொல்கிறவர்கள் குறைவு. தெரியாமல் சொல்கிறவர்கள்தான் அதிகம்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் கார்புரேட்டர். 240 இசட்டில் ஹிட்டாச்சி செய்த இரண்டு கார்புரேட்டர்கள். 1972 வரை மேல்பகுதி உருண்டையானது, நல்ல பெயர் எடுத்தது. 1973 மாடலுக்கு, அமெரிக்கப் புகைச் சட்டத்துக்காக, தட்டையான மேல்பகுதியுடைய வேறொன்றைப் போட்டார்கள். சூடானால் மக்கர் பண்ணும் என்று அதை எல்லோரும் திட்டினார்கள். கழற்றி எறிந்துவிட்டு முந்தியதைத் தேடிப் பூட்டினார்கள். இப்போது யோசியுங்கள். 1973 காரில் உருண்டைக் கார்புரேட்டர் பூட்டினால் கார் நன்றாக ஓடும், பார்க்கவும் அழகு. ஆனால் அந்தக் காரின் ஒரிஜினல் அந்தத் திட்டு வாங்கிய தட்டைதான். நான் ஓட்டுவதென்றால் உருண்டையைத்தான் பூட்டுவேன். கழற்றிய தட்டையைச் சாக்கில் சுற்றி வைத்திருப்பேன். விற்கும்போது சாக்கையும் கொடுத்து விஷயத்தையும் சொல்வேன்.

ஓர் எழுத்தில் பெரிய பணம் இருக்கும் இடமும் உண்டு. இதே காரின் ஜப்பானியப் பதிப்பில் இசட்432 என்று ஒன்று வந்தது. ஒரு சிலிண்டருக்கு நாலு வால்வு, மூன்று கார்புரேட்டர், இரண்டு கேம். அதுதான் 432. ஏறக்குறைய 420 கார்தான் செய்தார்கள். சாதாரண இரண்டு லீட்டர்க் காரின் செசி நம்பர் எஸ்30 என்று தொடங்கும், இது பிஎஸ்30. ஸ்கைலைன் ஜீடீ-ஆரும் அப்படித்தான். சாதாரண ஜீடீயின் இரண்டு கதவுக் கார் கேஜீசீ10, ஜீடீ-ஆர் கேபிஜீசீ10. அந்தப் 'பி' என்பது எஸ்20 எஞ்சினைக் குறிப்பது. சாதாரண ஜீடீக்கு ஜீடீ-ஆர் உடுப்புப் போட்டு நிறுத்தினால் பத்தடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. ஜப்பானில் அப்படி உடுத்திய கார்கள் தாராளம், அதை அப்படியே சொல்லித்தான் நல்ல வியாபாரிகள் விற்கிறார்கள். நம்பரைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரியும்.

சரி, திருத்தாத கார்தானே ஒரிஜினல், அப்படியானால் துருப்பிடிக்க விட வேண்டியதா என்று கேட்பீர்கள். 2020 ஜனவரியில் அமெரிக்காவில் இணைய ஏலத்தில் ஒரு 1971 240 இசட் 310,000 டொலருக்குப் போனது. ஏறக்குறைய 21,000 மைல் மட்டும் ஓடி, பெரும்பாலும் பிறந்த கோலத்திலேயே காப்பாற்றப்பட்ட கார் அது. அப்படி ஒன்று எல்லோருக்கும் கிடைக்காது. இந்த வகைக் கார்கள் துருவுக்குப் பேர்போனவை. பெட்டரி தட்டு, கால் வைக்கும் தளம், அடிச்சட்டம், ஸ்பெயார் வீல் குழி, எல்லாம் உக்கும். வெட்டி ஒட்டாமல் காரே மிஞ்சாது. நிசானே 1990களின் பின்பகுதியில் அமெரிக்காவில் பழைய 240 இசட்களை வாங்கி, தெரிந்தெடுத்த கராஜ்களில் திருத்தி, சுமார் 25,000 டொலருக்கு விற்றுப் பார்த்தது. செலவு தாங்காமல் திட்டமிட்ட எண்ணிக்கைக்குக் கிட்டவும் போகவில்லை. செய்த கம்பனிக்கே அந்த நிலை என்றால் நமது கராஜ்களில் ஒருவர் ஒரு பாகத்துக்கு மாற்று வழி தேடுவதை யார் குறை சொல்ல முடியும்?

ஆகவே மாற்றுவது பிரச்சினை இல்லை. மாற்றியதை மறைத்துவிட்டு "ஃபுல் ஒரிஜினல்" என்று எழுதுவதுதான் பிரச்சினை.

சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்த சம்பவம் நம் எல்லோருக்கும் தெரியும். மேலே காய்ந்த தானியம், உள்ளே ஈரம். மழை நனைத்துவிட்டது என்று வியாபாரி சொன்னபோது, அப்படியானால் அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்றார்கள். மழை பெய்ததற்காக அந்த மனிதரை யாரும் குற்றம் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். துரு மழை மாதிரி. அதன் மேல் புட்டி பூசி, தேய்த்து, பெயின்ட் அடித்து, "ஒரிஜினல் பொடி" என்று சொல்வது ஈரத்தின் மேல் காய்ந்த தானியத்தைக் கொட்டுவது. ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றிப் பிடித்துப் பார்த்தால் அந்த இடம் பிடிக்காது. வாங்குகிறவர் காந்தம் கொண்டுவராதது நமக்கு ஹலால் ஆக்கிவிடாது.

"சேர், அவ்வளவு சொன்னால் யார் வாங்குவது?" என்று என்னிடம் படித்து இப்போது கராஜ் வேலை செய்யும் ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. நான் அவரிடம் திருப்பிக் கேட்டது: ஜப்பானிலிருந்து வரும் காருக்கு ஏல ஷீட் இல்லையென்றால் நீ வாங்குவாயா? மாட்டார். அந்த ஷீட்டில் கீறல், சொட்டை, மாற்றிய கதவு எல்லாம் அடையாளம் போட்டு எழுதியிருக்கிறது. குறையை எழுதியதால்தான் நாம் அந்தத் தாளை நம்புகிறோம், விபத்தில் பட்ட காரைக் கூட அதற்கான விலையில் கண் தெரிந்து வாங்குகிறோம். அதே தாளை நமது கராஜ் ஏன் எழுதக்கூடாது? ஹதீஸ் படிக்கும்போது அறிவிப்பாளர் வரிசையைப் பார்க்கப் பழகிய சமூகம் நாம். இடையில் ஒருவர் விடுபட்டால் விடுபட்டது என்று எழுதி வைத்தார்கள் நமது இமாம்கள். கார் அந்தத் தரத்துக்கு உரிய விஷயம் இல்லைதான், ஆனால் பழக்கம் நல்ல பழக்கம்.

தொழில் தெரிந்த தம்பிமாருக்கு நான் சொல்வது இவ்வளவும்தான். முதல் போல்ட்டைக் கழற்ற முன் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள், எண்களை முதலில். தடுப்புச் சுவரில் குத்திய நம்பர் இருக்கும் இடத்தில் கிரைண்டரையோ புட்டியையோ கொண்டுபோகாதீர்கள். அது காரின் கைரேகை, சட்டப் பிரச்சினையும் கூட. கழற்றும் ஒவ்வொன்றையும் பையில் போட்டுப் பெயர் எழுதுங்கள். தேய்ந்த பாகத்தைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்காதீர்கள், புதியதைச் செய்விப்பதற்கு அளவும் மாதிரியும் அதுதான். முடிந்ததும் ஒரு கொப்பியில் எழுதுங்கள்: காரோடு வந்தவை, கம்பனியின் பிந்திய பாகங்கள், வேறு காரில் எடுத்தவை, வெளியில் செய்தவை, வெட்டி ஒட்டிய இடங்கள். விற்கும்போது சாவியோடு அந்தக் கொப்பியும் போகட்டும்.

ஆங்கிலத்தில் பார்ட் புத்தகம் வாசிக்கச் சிரமப்படுகிறவர்கள் நம்பரைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். இன்ஷா அல்லாஹ், இஷாவுக்குப் பிறகு உட்கார்ந்து தேடிப் பார்ப்போம். டட்சன் 1200க்காரர்கள் முதலில் வாருங்கள், அந்தக் காரைத்தான் எனக்கும் பிடிக்கும்.