மூன்றாவதாக வந்தவரின் பெயர் எங்கே? விளையாட்டு, ஊடகம், படிப்பு குறித்து ஒரு படிவம் 5 மாணவி

கடந்த ஆண்டு மாவட்டப் பள்ளிகளுக்கு இடையிலான திடல்தடப் போட்டியில், பெண்களுக்கான 800 மீட்டர் ஓட்டத்தில் மூன்றாவதாக வந்தேன். மறுநாள் காலையில் தாத்தா வழக்கம்போல் நாளிதழைக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டினார். அன்றைக்கு மட்டும் ஒவ்வொரு பக்கத்திலும் அதிக நேரம் நின்றார். என் பெயரைத்தான் தேடுகிறார் என்பது கொஞ்ச நேரம் கழித்தே எனக்குப் புரிந்தது.

இங்கிலாந்து காற்பந்து லீக் முடிவுகள் இருந்தன. ஐரோப்பாவில் எந்த ஆட்டக்காரர் எந்தக் கிளப்புக்கு மாறப்போகிறார் என்ற செய்தி இருந்தது. எங்கள் மாவட்டப் போட்டியைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

"மாவட்டப் போட்டிதானே தாத்தா, அதையெல்லாம் போட மாட்டாங்க" என்றேன்.

"பின்னே யாரு ஓடுறாங்கன்னு ஊருக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டு, பேப்பரை மடித்து வைத்தார்.

அந்தக் கேள்வி என்னோடு ஓராண்டாக இருக்கிறது. இவ்வாண்டு நான் படிவம் 5. எஸ்.பி.எம். எழுதப் போகிறேன். பள்ளி தொடங்கிய சில வாரங்களிலேயே எங்களுக்கு ஓர் அறிவிப்பு வந்தது. தேர்வு எழுதும் மாணவர்கள் மாலை நேர விளையாட்டுப் பயிற்சிக்கு வர வேண்டிய கட்டாயமில்லை என்றார்கள். கேட்பதற்குச் சலுகை மாதிரி இருந்தது. அடுத்த வாரம் திடலுக்குப் போனபோது எங்கள் படிவத்திலிருந்து நாங்கள் இரண்டு பேர்தான் நின்றோம். முந்தைய ஆண்டு பதினொரு பேர் இருந்தோம்.

மீதி ஒன்பது பேரை யாரும் தடுக்கவில்லை. ஆனால் வீட்டில், பள்ளியில், டியூஷனில், எங்கு திரும்பினாலும் "இந்த ஒரு வருஷம் மட்டும் விட்டுடு" என்ற சொல் காத்திருந்தது. ஒரு வருடம் விட்ட 800 மீட்டரை மறுபடி பிடிப்பது எவ்வளவு கடினம் என்று ஓடியவர்களுக்குத் தெரியும்.

பெற்றோரின் பயம் பொய்யானதல்ல

நான் பெற்றோரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர்களின் கணக்கு எனக்குப் புரிகிறது. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இலும், பி.டி.3 தேர்வு 2022-இலும் அகற்றப்பட்டன. மாணவர்களின் சுமை குறையும் என்றார்கள். சிறு வகுப்புகளில் குறைந்திருக்கலாம். ஆனால் முன்பு மூன்று தேர்வுகளில் பங்கு போட்டிருந்த பயம் முழுவதும் இப்போது எஸ்.பி.எம். என்ற ஒரே தேர்வின் மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது.

2024-ஆம் ஆண்டில், எஸ்.பி.எம். தேர்வில் 10 ஏ அல்லது அதற்கும் மேல் பெறும் மாணவர்களுக்கு இன வேறுபாடின்றி மெட்ரிகுலேஷன் கல்வியில் இடமளிக்கப்படும் என்று பிரதமர் அறிவித்தார். நம் சமூகம் நீண்ட காலமாக எதிர்பார்த்த அறிவிப்பு அது. நானும் மகிழ்ந்தேன். ஆனால் அன்று முதல் எங்கள் வீட்டில் 10 என்பது ஓர் எண்ணாக இல்லாமல் ஒரு வாசலாக மாறிவிட்டது. அடுத்த ஆண்டே ஏ கழித்தல் அந்தக் கணக்கில் சேருமா சேராதா என்ற சர்ச்சை எழுந்தபோது, அப்பா இன்னும் ஒரு டியூஷன் வகுப்பைச் சேர்த்தார். அது செவ்வாய்க்கிழமை மாலை. பயிற்சி நடக்கும் அதே மாலை.

தனியார் கல்லூரிக்குப் பணம் கட்ட முடியாத குடும்பத்தில் ஒரு லோரி ஓட்டுநர் அப்படித்தான் யோசிப்பார். அவரிடம் "விளையாட்டும் முக்கியம்" என்று பொதுவாகச் சொன்னால் போதாது. எப்படி முக்கியம், அதைச் செய்துகொண்டே யார் படித்திருக்கிறார், எப்படி நேரத்தைப் பிரித்தார் என்று காட்ட வேண்டும். அங்கேதான் நம் கல்விமுறையும் ஊடகங்களும் கைவிடுகின்றன.

பத்து விழுக்காட்டுக் கோப்பு

கொள்கை அளவில் நம் நாட்டில் விளையாட்டுக்குக் குறையில்லை. ஒவ்வொரு மாணவரும் குறைந்தது ஒரு விளையாட்டில் ஈடுபட வேண்டும் என்ற திட்டம் 2011-இல் தொடங்கப்பட்டது. புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி 1996 முதல் இயங்குகிறது. அரசாங்கப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் 90 விழுக்காடு தேர்வு முடிவுக்கும் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கும் தரப்படுகிறது.

அந்தப் பத்து விழுக்காடு நல்ல நோக்கத்தில் வைக்கப்பட்டது. ஆனால் மாணவர்களாகிய நாங்கள் அதை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்று நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். சான்றிதழ் சேர்க்கிறோம். படிவம் 1 முதல் ஒரு கோப்பு வைத்திருக்கிறோம். கிளப்பில் செயலாளர், போட்டியில் பங்கேற்பு, மாவட்டப் பிரதிநிதி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள். கோப்பு கனத்துவிட்டால் விளையாட்டின் வேலை முடிந்தது. என் தோழி ஒருத்தி மாநில அளவில் பூப்பந்து ஆடியவள். "எனக்குத் தேவையான புள்ளி வந்துவிட்டது" என்று சொல்லி மட்டையை அலமாரியில் வைத்துவிட்டாள். அவளுக்குப் பூப்பந்து பிடிக்கும். இருந்தும் அப்படித்தான் சொன்னாள்.

உடற்கல்விப் பாடத்தின் கதை வேறு. அட்டவணையில் அது இருக்கிறது. தேர்வு நெருங்கினால் கணிதத்துக்கும் வரலாற்றுக்கும் கடன் போகிறது. கடன் போன பாடவேளை திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. இதற்கு ஆசிரியர்களை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. பள்ளியின் பெயர் எந்த முடிவை வைத்துப் பேசப்படுகிறது என்று அவர்களுக்கும் தெரியும்.

வென்ற நாளில் மட்டும் வரும் செய்தி

இனி ஊடகத்துக்கு வருகிறேன். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பெர்லி டான் - எம். தீனா இணை மகளிர் இரட்டையர் பூப்பந்தில் அரையிறுதி வரை போனது. அதற்கு முன் மலேசிய மகளிர் இணை எதுவும் அந்தக் கட்டத்தை எட்டியதில்லை. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் ஜப்பான் இணையிடம் தோற்று நான்காவது இடத்தில் முடித்தார்கள். அன்று என் கைப்பேசிக்கு வந்த பதிவுகளில் அதிகமாகப் பார்த்த சொல் "நழுவியது". கீழே கருத்துகளைப் படித்தால், வாழ்க்கையில் மட்டையே பிடிக்காதவர்கள் கூட எந்த இடத்தில் எப்படி அடித்திருக்க வேண்டும் என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

ஏறக்குறைய ஓராண்டு கழித்து, 2025-இல் அதே பாரிஸ் நகரில் நடந்த உலக வெற்றியாளர் போட்டியில் அதே இணை இறுதியாட்டத்துக்குப் போய் வெள்ளி வென்றது. அப்போது எல்லாரும் கொண்டாடினோம். நான்காவது இடத்துக்கும் வெள்ளிக்கும் நடுவே இருந்த அந்த ஓராண்டில் அவர்கள் என்ன செய்தார்கள், எதை மாற்றினார்கள்? எனக்குத் தேவையான செய்தி அதுதான். அதைத் தேடிப் போய்த்தான் படிக்க வேண்டியிருந்தது.

இன்னொரு எடுத்துக்காட்டு எஸ். சிவசங்கரி. 2022 ஜூனில் நடந்த கார் விபத்தில் அவருக்குத் தலையிலும் கழுத்திலும் பலத்த காயம். அவ்வாண்டு காமன்வெல்த் போட்டிக்கு அவரால் போக முடியவில்லை. 2023 அக்டோபரில் ஹாங்சோவில் நடந்த ஆசியப் போட்டியில் ஸ்குவாஷ் மகளிர் தனிநபர் தங்கம் வென்றார். 2024-இல் லண்டன் ஸ்குவாஷ் கிளாசிக் பட்டத்தையும் வென்றார். விபத்து நடந்த நாளும் தங்கம் வென்ற நாளும் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. ஆனால் அவர் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே விளையாடியவர் என்பது நான் சொல்லும்வரை அப்பாவுக்குத் தெரியாது. "கார்னெல்லா?" என்று இரண்டு முறை கேட்டார். பதக்கத்தைவிட அந்தச் செய்திதான் அவரை அசைத்தது.

படித்துக்கொண்டே ஓடியவர்கள் நமக்குப் புதிதல்ல. 1966 பேங்காக் ஆசியப் போட்டியில் எம். ஜெகதீசன் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 மீட்டர் என மூன்று தங்கம் வென்றார். அவர் ஒரு மருத்துவர். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடி அவர் வைத்த தேசியச் சாதனை 2017 வரை நின்றது. அதே பேங்காக் போட்டியில் 400 மீட்டரில் தங்கம் வென்றவர் எம். ராஜாமணி. அவ்வாண்டு நாட்டின் சிறந்த விளையாட்டு வீரர், சிறந்த வீராங்கனை என இருவருமே தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். தாத்தா அப்போது தோட்டத்துப் பள்ளியில் படித்த சிறுவன். இந்த இரண்டு பெயரையும் இன்றும் ஒரே மூச்சில் சொல்வார். என் வகுப்பில் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

மாணவர்கள் மேலும் தவறு உண்டு. தினமும் கைப்பேசியில் இரண்டு மணி நேரம் காணொளி பார்த்துவிட்டு, ஓடுவதற்கு நேரமில்லை என்று சொல்பவர்கள் எங்களில் பலர். நானும் சொல்லியிருக்கிறேன். ஐரோப்பிய ஆட்டக்காரரின் சம்பளம் தெரியும், எங்கள் பள்ளியின் 100 மீட்டர் சாதனை யாருடையது என்று தெரியாது.

செய்யக்கூடியது

பெரிய திட்டம் எதுவும் என்னிடம் இல்லை. மூன்று சிறிய காரியங்களைக் கேட்கிறேன்.

முதலாவது, பள்ளிகளுக்கு. படிவம் 5 மாணவர்களைப் பயிற்சியிலிருந்து மொத்தமாக விடுவிக்க வேண்டாம். வாரத்தில் இரண்டு மாலை, ஒரு மணி நேரம், முன்னோட்டத் தேர்வு வரை போதும். அந்த இரண்டு மாலையில் கூடுதல் வகுப்பு வைக்காமல் இருந்தால் அதுவே பெரிய உதவி.

இரண்டாவது, ஊடகங்களுக்கு. ஒவ்வொரு மாவட்டப் போட்டிக்கும் நிருபரை அனுப்ப முடியாது என்பது எனக்குத் தெரியும். அனுப்பத் தேவையும் இல்லை. பல இடைநிலைப் பள்ளிகளில் தமிழ்மொழிக் கழகம் இருக்கிறது. முடிவுகளை நாங்களே தமிழில் எழுதி அனுப்புகிறோம். பெயர், பள்ளி, போட்டி, நேரம். ஒரு மாணவருக்கு ஒரு வரி. வாரத்தில் ஒரு நாள் கால் பக்கம் கொடுங்கள். பெரிய வீரர்களைப் பேட்டி காணும்போது, "வெற்றியை எப்படி உணர்கிறீர்கள்?" என்பதோடு நிறுத்தாமல், "எஸ்.பி.எம். எழுதிய ஆண்டில் உங்கள் கால அட்டவணை எப்படி இருந்தது?" என்றும் கேளுங்கள். அந்தப் பதிலைத்தான் நாங்கள் வெட்டி எடுத்து அப்பாவிடம் காட்டுவோம்.

மூன்றாவது, பெற்றோருக்கு. நிறுத்தச் சொல்வதற்கு முன் ஒரு முறை திடலுக்கு வாருங்கள். என் அப்பா கடந்த மாதம் வந்தார். லோரியை வெளியே நிறுத்திவிட்டு வேலியோரம் நின்று பார்த்தார். வீட்டுக்கு வரும் வழியில் ஒன்றும் பேசவில்லை. இரவு, செவ்வாய்க்கிழமை டியூஷனை சனிக்கிழமைக்கு மாற்ற முடியுமா என்று ஆசிரியைக்கு அவரே போன் செய்தார். முன்னோட்டத் தேர்வில் புள்ளிகள் குறைந்தால் பயிற்சியை நிறுத்துவது என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். நாள்காட்டியில் தேதி குறித்து வைத்திருக்கிறோம். அது நியாயமான ஒப்பந்தம்தான். என்ன ஆகும் என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

என் தங்கை இவ்வாண்டு படிவம் 1. பள்ளி இல்லப் போட்டியில் 100 மீட்டரில் வென்று, மாவட்டத்துக்குப் போகிறாள். தாத்தா இப்போதே மூக்குக் கண்ணாடியைத் துடைத்து வைத்துக்கொண்டு, போட்டி என்றைக்கு என்று தினமும் கேட்கிறார். மறுநாள் காலையில் அவர் பேப்பரைக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டுவார்.