ஈ.எஸ்.ஆர். எண் மட்டும் போதாது

கோலார் தங்கவயலில் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. அங்கு உழைத்தவர்களில் பலருக்கு இருமல் மட்டும் ஓயவில்லை. இருமலுக்கு டாக்டரிடம் போனால் ஈ.எஸ்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தருவதுண்டு. சீட்டில் 60, 80 என்று வந்துவிட்டால் வீடே கலங்குகிறது. 'டி.பி.தான்' என்று அக்கம்பக்கத்தார் தீர்ப்பும் கூறிவிடுகிறார்கள்.

உண்மையில் அந்த எண் கூறுவது என்ன? நிறுத்தி வைத்த குழாயில் இரத்தச் சிவப்பணுக்கள் ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் இறங்கின என்பதே. உடலில் எங்கேனும் அழற்சி இருந்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டி விரைவாக இறங்கும். காசநோயில் எண் ஏறும். மூட்டு வாதத்திலும் ஏறும். இரத்தசோகையிலும் முதுமையிலும்கூட ஏறும். எண் குறைவாக இருப்பதால் நுரையீரலில் கல்தூசி படியவில்லை என்றும் ஆகாது.

கல்தூசியால் வரும் சிலிகோசிஸ் உள்ளவர்களைக் காசநோய் எளிதில் பற்றும். ஆகவே சளிப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் அவசியம். அரசு மருத்துவமனைகளில் காசநோய்க்கான சளிப் பரிசோதனை இலவசம்.

எத்தனை ஆண்டுகள் சுரங்கத்தில் இறங்கினார் என்பது எந்த இரத்தச் சீட்டிலும் இராது. அதைக் கேட்க வேண்டியது டாக்டரின் கடமை. கேட்காவிட்டால், சொல்ல வேண்டியது நமது கடமை.