கைவண்ணம்: மிச்ச உல்லனில் கோழிக்குஞ்சும் ஆக்டோபஸும்

குழந்தைக்கு ஸ்வெட்டர், குல்லா, வாசலுக்கு ஒரு தோரணம் என்று ஆசையாகப் பின்னி முடித்தாயிற்று. மிஞ்சிய உல்லன் துண்டுகள் பீரோவின் அடித்தட்டில் ஒரு பைக்குள் அடைந்து கிடக்கின்றன. எறியவும் மனசில்லை, ஒரு உருப்படிக்கும் போதாது. வெளியே எடுங்கள். காலாண்டுப் பரீட்சை லீவும் நவராத்திரியும் சேர்ந்து வருகிற நாட்களில், செல்போனும் கையுமாகச் சுருண்டு கிடக்கும் வாண்டுகளைக் கூப்பிட்டு உட்கார வைக்க இதைவிட நல்ல வேலை கிடையாது. கொலுப்படிக்குக் கீழே போடுகிற பார்க்குக்குப் பிராணிகளும் தயார்!

ஒரு நிபந்தனை. இந்த வேலையில் அம்மாவுக்கு உரியவை இரண்டே இரண்டு: கத்தரிக்கோலும் கடைசி முடிச்சும். மற்றதெல்லாம் குழந்தையின் கையால்தான் நடக்க வேண்டும்.

கோழிக்குஞ்சு

தேவையானவை: மஞ்சள் உல்லன், பழைய நோட்டு அட்டை, உறுதியான பருத்தி நூல், சிவப்பு நிறக் கல்யாணப் பத்திரிகை ஒன்று, கறுப்புத் துணித் துண்டு, பசை, கூர்மையான கத்தரிக்கோல்.

செய்முறை: நோட்டு அட்டையில் 7 செ.மீ. குறுக்களவில் இரண்டு வட்டம் வெட்டி, ஒவ்வொன்றின் நடுவிலும் 2.5 செ.மீ. ஓட்டை போடுங்கள். இது உடம்புக்கு. தலைக்கு 5 செ.மீ. வட்டம் இரண்டு, ஓட்டை 1.5 செ.மீ.

ஒரே அளவுள்ள இரண்டு வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஓட்டைக்குள் விட்டு வெளியே எடுத்து, உல்லனைச் சுற்றிக்கொண்டே வரச் சொல்லுங்கள். நூலை ரொம்ப நீளமாக வெட்டித் தராதீர்கள். சிக்கு விழுந்து குழந்தைக்கு அலுத்துவிடும். நூல் தீர்ந்தால் முடிச்சுப் போட வேண்டியதில்லை. பழைய நுனியை வளையத்தின் வெளி விளிம்பில் விட்டுவிட்டு, அங்கிருந்தே அடுத்த துண்டைத் தொடங்கலாம். அதனால் சாண் நீளத் துண்டுகூட வீணாகாது.

நடு ஓட்டை ஏறக்குறைய அடைபடும் வரை சுற்ற வேண்டும். பாதியில் "போதும்மா, கை வலிக்குது" என்பார்கள். வைத்துவிட்டு நாளைக்குச் சுற்றட்டும், அவசரமில்லை. ஆனால் அரைகுறையாகச் சுற்றினால் குஞ்சு சொட்டைத் தலையாகத்தான் வரும்.

இனி உங்கள் முறை. வெளி விளிம்பில், இரண்டு அட்டைகளுக்கும் நடுவே கத்தரிக்கோலை நுழைத்துச் சுற்றிலும் வெட்டுங்கள். அட்டைகளைச் சற்றே விலக்கி, இடையில் பருத்தி நூலைக் கொடுத்து, இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கி முடியுங்கள். உல்லனாலேயே கட்டினால் இழுக்கும்போது பொட்டென்று அறுந்துவிடும். கட்டிய நூலின் நுனிகளை நீளமாக விட்டு வையுங்கள். அட்டையைக் கிழித்து எடுத்துப் பந்தைத் தட்டி உதறினால் புஸ்ஸென்று விரியும். அந்த நேரத்தில் குழந்தையின் முகத்தைப் பாருங்கள்!

பெரிய பந்தையும் சின்னப் பந்தையும் விட்டு வைத்த நுனிகளால் சேர்த்துக் கட்டுங்கள். கல்யாணப் பத்திரிகையில் அலகும் காலும் வெட்டி ஒட்டுங்கள். கறுப்புத் துணியில் பொட்டு அளவு இரண்டு கண்கள். மஞ்சள் போதவில்லையா? கையில் இருக்கிற கலரையெல்லாம் கலந்து சுற்றுங்கள். தெருவில் பெட்டியில் வைத்து விற்கிற சாயக் குஞ்சுகளைக் கேட்டு அடம்பிடிக்கிற குழந்தைக்கு, செத்துப்போய் அழ வைக்காத கலர் குஞ்சு இது.

ஆக்டோபஸ்

பின்னல் போடத் தெரிந்த, அல்லது கற்றுக்கொள்ள வேண்டிய, எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இது.

30 செ.மீ. நீளமுள்ள அட்டையில் உல்லனை நீளவாக்கில் 48 சுற்றுச் சுற்றி, ஒரு முனையில் மட்டும் வெட்டுங்கள். இழைகளை நீட்டி, சரி நடுவில் கட்டுங்கள். எலுமிச்சம்பழ அளவு துணி உருண்டையை, முடிந்தால் அதே நிறத்தில், எடுத்துக் கட்டுக்கு அடியில் வைத்து, இழைகளைக் குடைபோலச் சுற்றிலும் பரப்பி, உருண்டைக்குக் கீழே இறுக்கிக் கட்டினால் தலை தயார்.

இப்போது கீழே தொங்குவது எத்தனை இழை? குழந்தையே சொல்லட்டும். 48 இழை நடுவில் மடிந்தால் 96 நுனி. எட்டுக் காலுக்குப் பங்கு போட்டால் காலுக்கு 12. மூன்று பிரிப் பின்னலுக்கு நாலு நாலாக. வாய்ப்பாடு ஒப்பிக்க மாட்டேன் என்கிற பிள்ளைகூட இந்தக் கணக்கைத் தானாகப் போடும். ஒவ்வொரு காலையும் பின்னி, நுனியில் கலர் நூலால் கட்டிவிட்டால் ஆயிற்று.

"ஆம்பிளைப் பிள்ளைக்குச் சடை பின்னல் எதுக்குடி?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கலாம். நாளைக்கு அவன் பெண்ணைப் பள்ளிக்கூடம் அனுப்பும்போது உதவும் என்று சொல்லுங்கள்!

கட்டாயம் கவனிக்க

மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால் கண்ணுக்கு மணி, பட்டன் எதுவும் வேண்டாம். பிய்ந்து வாய்க்குள் போய்த் தொண்டையை அடைத்துவிடும். பந்திலிருந்து உருவி வருகிற நூலும் ஆபத்துதான். ஆகவே இந்தப் பொம்மைகள் அலங்காரத்துக்கு மட்டுமே, கைக்குழந்தைக்குக் கொடுக்கக்கூடாது. தொட்டிலுக்கு மேலே நூலில் கட்டித் தொங்கவிடவும் கூடாது.

வேலை முடிந்ததும் தரையில் கிடக்கிற துண்டு நூல்களைப் பெருக்கிவிடுங்கள். கைக்குழந்தையின் விரலில் ஒரு இழை சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்று விரல் வீங்கிவிடும். குழந்தை காரணம் தெரியாமல் வீறிட்டு அழுதால் கை, கால் விரல்களைப் பிரித்துப் பாருங்கள்.

உல்லன் என்று நாம் வாங்குவதில் பெரும்பகுதி கம்பளி அல்ல, அக்ரிலிக் நூல். ஒரு சின்னத் துண்டைப் பெரியவர்கள் கொளுத்திப் பார்த்தால் தெரியும். கம்பளி என்றால் முடி கருகுகிற நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியாகும். அக்ரிலிக் உருகிக் கெட்டியான மணியாகிவிடும். எதுவானாலும் நெருப்புக்கு ஆகாது. கொலுவில் விளக்கிலிருந்து தள்ளியே வையுங்கள்.

கடைசியாக ஒன்று. அலகு கோணலாக இருக்கும். ஒரு கண் மேலே, ஒரு கண் கீழே இருக்கும். ஆக்டோபஸின் ஒரு கால் குச்சியாக நிற்கும். ராத்திரி குழந்தை தூங்கிய பிறகு பிரித்துச் சரிசெய்யக் கை பரபரக்கும். வேண்டாம்! காலையில் எழுந்து பார்க்கிற குழந்தைக்கு, 'நான் செய்தது நன்றாக இல்லை போல' என்றுதான் தோன்றும். அடுத்த தடவை கூப்பிட்டால் வராது. ஒரு கை வளையத்தைப் பிடிக்க, மறு கை சுற்ற, விரல்கள் பின்னப் பழகியதே இதில் லாபம். எழுதுவதற்கும் சட்டைப் பட்டன் போடுவதற்கும் இதே விரல்கள்தானே?

பார்க்கில் கடுகு தெளித்துத் தண்ணீர் காட்டுங்கள். சில நாளில் பச்சைப் புல் முளைத்துவிடும். உல்லன் நனையாமல் அடியில் ஒரு அட்டையைப் போட்டுக் குஞ்சுகளை நிறுத்துங்கள். பக்கத்தில் செய்தவர் பெயரை எழுதி வையுங்கள். வெற்றிலை பாக்கு வாங்க வருகிற மாமி, "யாரு பண்ணினா இதை?" என்று கேட்கும்போது பதிலை நீங்கள் சொல்லாதீர்கள். சொல்ல வேண்டியவர் ஓடி வருவார்!