நிலவில் கத்தரிக்காய் எத்தனை கிலோ?

ஒரு பொருளுக்குப் பல சொற்கள் உண்டு என்பது தமிழின் செல்வம் என்று நாம் பெருமை பேசுகிறோம். பேச வேண்டியதுதான், திவாகரம், பிங்கலம், சூடாமணி என்று நிகண்டுகள் தொகுத்து வைத்த மொழியல்லவா! ஆனால் அறிவியல் கதை எழுத அமர்பவனுக்கு அந்தச் செல்வமே சில வேளைகளில் குழி பறித்துவிடுகிறது. நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு மலருக்கென்று ஒரு கதை எழுதினேன். கதைத் தலைவன் எங்கள் படப்பைக் கடைத்தெருக் காய்கறி வியாபாரி. நிலவில் மக்கள் குடியேறிய பின் அங்கே போய்க் கடை போடுகிறான். ஊரில் ஆறு கிலோவாக இருந்த கத்தரிக்காய் அங்கே அவனது தட்டுத் தராசில் ஒரு கிலோதான் நிற்கிறது. முதல் போயிற்றே என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுகிறான். 'நிறை ஆறில் ஒரு பங்காகக் குறைந்தது' என்று எழுதினேன். அடுத்த வரியிலும் அதே சொல்லா என்று 'எடை' என்றேன், அதற்கடுத்து 'கனம்', பிறகு 'பளு'. கூறியது கூறல் குற்றம் என்று நன்னூலில் படித்தது நினைவிருந்தது. அதே பத்துக் குற்றங்களுள் மயங்க வைத்தலும் ஒன்று என்பது மறந்துபோயிற்று!

கதையைப் படித்த இயற்பியல் பேராசிரியர் ஒன்றே ஒன்று கேட்டார்: "தம்பி, நிறை எங்கே குறைந்தது?"

நிறை என்பது பொருளில் அடங்கிய பருப்பொருளின் அளவு. அது படப்பையிலும் நிலவிலும் ஒன்றே. எடை என்பது அப்பொருளை ஈர்க்கும் விசை. நிலவின் ஈர்ப்பு, புவியீர்ப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. ஆகவே குறைவது எடைதான். இதையாவது ஒரு சொல்லை மாற்றிச் சரிசெய்துவிடலாம். பேராசிரியர் அடுத்துச் சொன்னதுதான் இடி. தட்டுத் தராசில் ஒரு தட்டில் கத்தரிக்காய், மறு தட்டில் படிக்கல். நிலவில் இரண்டும் ஒரே விகிதத்தில் இலேசாகும். தட்டுகள் சமமாகவே நிற்கும். ஆறு கிலோ ஆறு கிலோதான். சுருள்வில் தராசு மட்டுமே ஒரு கிலோ என்று காட்டும். என் வியாபாரிக்கு நட்டமே இல்லை, எனக்குக் கதையே இல்லை! நிறையையும் எடையையும் தொடக்கத்திலேயே பிரித்து எழுதியிருந்தால் முதற்பக்கத்திலேயே இது என் கண்ணில் பட்டிருக்கும்.

ஆனால் உடன் பயிலும் ஈழத்து நண்பன் கதையைப் படித்துவிட்டு, "அம்மா படிச்ச புத்தகத்தில நிறை எண்டால் நீ சொல்லுற எடைதானடா" என்றான். உண்மைதான். நம் பாடநூலின் நிறை அங்கே திணிவு. நம் எடை அங்கே நிறை. நம் திசைவேகம் அவர்களுக்கு வேகம். நம் வேகம் அவர்களுக்குக் கதி. முடுக்கம் ஆர்முடுகல், எலக்ட்ரான் இலத்திரன். யாழ்ப்பாணத்தில் மருத்துவர் கிறீன் 19-ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்து நூல்களும் ஆக்கினார். இங்கே 1916-இல் இராஜாஜி முதலியோர் சேலத்தில் அறிவியற் சொற்களுக்கென ஒரு சங்கமே கண்டனர். இரு கரையும் தனித்தனியே உழைத்தன. இரண்டும் நல்ல தமிழே. ஒரே கதைக்குள் இரண்டையும் கலப்பதுதான் கேடு.

எங்கள் ஊர்ப் பெயரையே பாருங்கள். சங்கப் பாடல்களில் படப்பை என்றால் தோட்டம். தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வழியே வரும் பேருந்தில் நடத்துநர் 'படப்பை' என்று குரல் கொடுத்தால், தோட்டம் வந்துவிட்டது என்று எவரும் இறங்குவதில்லை.

'பல ஒளியாண்டுகளுக்கு முன்பு' என்று தொடங்கும் கதைகளையும் பார்க்கிறோம். ஒளியாண்டு காலமன்று, தொலைவு, ஏறத்தாழ 9.46 இலட்சம் கோடி கிலோமீட்டர். 'இயந்திரத்தின் ஆற்றல் 500 வாட்' என்பதும் அப்படியே. வாட் திறனுக்கு உரிய அலகு.

கதைதானே, பாடநூலா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் அரசுப் பள்ளியில் படித்தவன் நான். கதையில் கண்ட சொல்லைத் தேர்வுத் தாளில் எழுதி மதிப்பெண் இழந்திருக்கிறேன்.

அதற்காகத் தூய தமிழ்ச் சொல் கிடைக்கும்வரை எழுதுகோலை மூடி வைக்கச் சொல்லவில்லை. பாரத் எலக்ட்ரானிக்சில் பொறியாளராக இருந்த சுஜாதா, 'என் இனிய இயந்திரா'வில் ஓர் இயந்திர நாய்க்கு ஜீனோ என்று பெயரிட்டுத் தமிழ் வாசகரின் வீட்டுப் பிள்ளையாக்கினார். ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுத அவர் கூசியதில்லை. அதைக் குறை சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 'ரோபோ' என்று எழுதினால் எவருக்கும் பொருள் மயங்காது. எடையை நிறை என்றால் மயங்கும். மாற்றுச் சொல் மீது ஆசையா? பாத்திரங்களின் வாயில் வையுங்கள். வியாபாரி "கனம் கொறைஞ்சு போச்சே" என்று புலம்பட்டும். கதை சொல்பவன் எடை என்றே சொல்லட்டும், பத்து முறையானாலும்.

கதையை மீண்டும் எழுதிவிட்டேன். என் வியாபாரி தட்டுத் தராசோடு நிலவுக்குப் போகிறான். எதிர்க் கடைக்காரன் புதுப் பாணியில் சுருள்வில் தராசு தொங்கவிட்டிருக்கிறான். ஒரு கிலோ கேட்டவர்களுக்கெல்லாம் முள் ஒன்றைத் தொடும்வரை அள்ளிப் போட்டு, ஆறு கிலோ கொடுத்துக்கொண்டிருக்கிறான். கூட்டம் முழுதும் அங்கேதான். மூன்றாம் நாள் அவன் கடையில் கத்தரிக்காய்க் காம்புகூட இல்லை.