நகரின் நடுவே ஒரு காடு



விடுமுறை வந்தால் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது என்னும் கேள்வி எல்லா வீடுகளிலும் எழுகின்றது. தேர்வாய் கண்டிகை, கும்மிடிப்பூண்டிப் பகுதிக் குடும்பங்கள் ஒரே நாளில் சென்று திரும்பத்தக்க காடு ஒன்று உண்டு. கும்மிடிப்பூண்டியில் மின்சார ரயிலேறிச் சென்னை சென்ட்ரலில் இறங்கி, எதிரேயுள்ள பூங்கா நிலையத்தில் தாம்பரம் வண்டியில் ஏறினால் கிண்டியை அடையலாம். சின்னமலைத் திருத்தலத்திற்குச் சென்று வருவோர் பலர், அருகிலுள்ள கிண்டி தேசியப் பூங்காவைக் காணாமலே திரும்பிவிடுகின்றனர்.

காட்டின் உட்பகுதி விலங்குகளுக்கே உரியது. பொதுமக்கள் காண்பதற்கென அதன் ஓரத்தில் சிறுவர் பூங்காவும், 1972-இல் தோன்றிய பாம்புப் பண்ணையும் உள்ளன. செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை நினைவிற் கொள்க.

இக்காட்டின் வரலாறு சிந்திக்கத்தக்கது. 1821-இல் அரசு இதனை 35,000 ரூபாய்க்கு வாங்கியது. 1910-இல் காப்புக் காடானபோது இதன் பரப்பு 505 ஹெக்டேர். பின்னர்த் தொழில்நுட்பக் கல்லூரிக்கென ஒரு பகுதி, தலைவர்களின் நினைவிடங்களுக்கென ஒரு பகுதி என நிலம் பிரிந்துகொண்டே சென்றது. 1978-இல் தேசியப் பூங்காவானபோது எஞ்சியது ஏறத்தாழ 270 ஹெக்டேர். இவற்றுள் எந்நோக்கமும் தீயதன்று. கல்விக்கூடம் வேண்டாமென்பார் யார்? நல்ல காரணங்கள் ஒவ்வொன்றாய்ச் சேர்ந்தே காட்டைப் பாதியாக்கின.

இது நமக்குப் புதிய செய்தியன்று. தேர்வாய் கண்டிகையில் ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட மேய்ச்சல் நிலமும் காடும் தொழிற்பேட்டைக்கெனக் குறிக்கப்பட்டபோது, ஊர்மக்கள் எதிர்த்து நின்றனர். ஆடுமாடுகளின் தீனியும் ஏரிக்கு வரும் நீரும் அக்காட்டை நம்பியிருந்தன என்பது அவர்தம் வாதம். இன்று அங்கே ஆலைகள் நிற்கின்றன. பிழைப்புக்கு வேலை வேண்டும், மறுப்பதற்கில்லை. ஆயினும் கொடுத்த விலை இன்னதென்று நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் நலம்.

அறிவதற்கு முதற்படி கூர்ந்து பார்த்தல். கிண்டியில் மான்களைக் கண்டால், கொம்பை நோக்கச் சொல்லுங்கள். கிளைவிட்ட கொம்புடையது புள்ளிமான். அக்கொம்பு ஆண்டுதோறும் உதிர்ந்து மீண்டும் முளைக்கும். கிளையின்றி முறுக்கேறிய கொம்புடையது வெளிமான். அதன் கொம்பு உதிர்வதில்லை. புள்ளிமான் புதரோரத்திலும் வாழும். வெளிமானுக்கோ திறந்த புல்வெளி இன்றியமையாதது. வெறும் புல்தரையென நாம் எண்ணும் இடமே ஓர் உயிரின் வீடு என்பதைப் பிள்ளைகள் அன்று கற்பர்.

தின்பண்டங்களை மான்களுக்கு எறிய விடாதீர்கள். பிளாஸ்டிக் பையை மான் விழுங்கினால் அது வயிற்றில் தங்கி உயிரைக் குடிக்கும். கொண்டு சென்ற பையை வீட்டிற்கே திரும்பக் கொண்டுவருதல் நல்ல பழக்கம்.

ஊர் திரும்பியபின், ஒரு மாலையில் நம் ஊர் ஏரிக்கரைக்கும் அவர்களை அழைத்துச் செல்லுங்கள். அங்கு வரும் பறவைகளின் பெயர்களையும் கரையிலுள்ள மரங்களின் பெயர்களையும் முதியோரிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள். பெயர் தெரிந்த ஒன்றை இழக்க எவருக்கும் எளிதில் மனம் வராது.